படப்புக்குப் பின்னால் இருந்தவர்

போன வாரம் பல் டாக்டரிடம் போயிருந்தேன். அவருக்கு உதவியாக இருந்த பெண் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துக் கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாயை ஆவென்று திறந்து படுத்திருந்த எனக்கு அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பல்வலி எங்கே போனதென்று தெரியவில்லை. நேராக ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்விட்டேன். டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டபோது சிரித்துவிட்டேன். வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை சிரித்ததை அவர் இதற்குமுன் பார்த்திருக்க மாட்டார், பாவம்.

எங்கள் கம்பெனியில் அந்த ஸ்பிரிட்டை ஐபிஏ என்போம். செல்போன் செய்கிற கம்பெனி. அதன் பெயர் எதற்கு இப்போது? லைனில் வருகிற ஒவ்வொரு போனையும் ஐபிஏ தொட்ட துணியால் விரல் ரேகை இல்லாமல் துடைத்துப் பெட்டிக்குள் படுக்க வைப்பது என் வேலை. என்ன சோப்புப் போட்டாலும் கையைவிட்டு அந்த வாசனை போகாது. சாம்பார் சாதத்தைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனால் ஆஸ்பத்திரி நினைவு வரும். ஆனால் இரண்டே மாதத்தில் பழகிவிட்டது. அதன்பிறகு அந்த வாசனை இல்லாத சோறுதான் எனக்கு ஊர்ச்சோறு மாதிரி வித்தியாசமாகப் பட்டது.

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் தெற்கத்திப் பிள்ளைகள் மூட்டை முடிச்சோடு அங்கே வந்து இறங்கிக்கொண்டே இருந்தோம். பிளஸ் டூ மார்க் ஷீட்டும் கலர் போட்டோவும் இருந்தால் வேலை. நாங்கள் சில பேர் வல்லக்கோட்டை போகிற ரோட்டில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தோம். கீழே ஓனரம்மா. அந்த ஊர்க்காரர். மகன் மறைமலை நகரில் கார் கம்பெனிக்குப் போய்விடுவான், மருமகள் குன்றத்தூரில் அம்மா வீட்டில்தான் பாதி நாள் இருப்பாள். அதனால் ஓனரம்மாவுக்குப் பேச்சுத் துணைக்கு நாங்கள்தான். பூண்டை உரிக்கிற சாக்கில் மாடிக்கு ஏறி வந்து உட்கார்ந்துகொள்வார். அந்த வீட்டுக்கு எவ்வளவு பூண்டுதான் தேவைப்பட்டது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அங்கே எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ஊர் எது என்று கேட்டால் ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டோம். பக்கத்தில் இருக்கும் டவுன் பெயரைச் சொல்லி, அதோடு 'பக்கம்' சேர்த்துக்கொள்வோம். நான் அருப்புக்கோட்டை பக்கம். இன்னொருத்தி பரமக்குடி பக்கம். கேட்பவளும் அதற்குமேல் தோண்ட மாட்டாள். ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள், தெருவைச் சொன்னால் ஆள் யாரென்று தெரிந்துவிடும், தெரிந்த பிறகு ஒரே சட்டியில் குழம்பு வைப்பது எப்படி? இதை யாரும் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, வந்து இறங்கிய அன்றே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த வீட்டில் கோவில்பட்டி பக்கம் என்று சொல்லிக்கொண்டு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி இசக்கி, இன்னொருத்தி முத்துச்செல்வி. முத்துச்செல்வி என் லைன். அதிகம் பேச மாட்டாள், நான் வைக்கிற குழம்பை முகம் சுளிக்காமல் சாப்பிடுகிற ஒரே ஆள். இசக்கி அதற்கு நேரெதிர். அவளுக்குக் கம்பெனியில் கிடைத்த வேலையும் அவள் வாய்க்கு ஏற்றதாகவே அமைந்தது. அவள் வாய்ஸ் டெஸ்ட்டில் இருந்தாள்.

மிஷின் சோதித்து அனுப்பிய போன்களில் சிலவற்றைப் பொறுக்கி எடுத்து மனிதக் குரலிலும் ஒரு தடவை சோதிப்பார்கள். ரெக்கார்டிங்கைப் போட்டு நாலு வார்த்தை பேச வேண்டும். போட்டுக் கேட்க வேண்டும். சரியாக இருந்தால் பேசியதை அழித்துவிட்டு அடுத்த போனை எடுக்க வேண்டும். பேசு, கேள், அழி. ஷிஃப்ட் முழுக்க அதுதான். ஆங்கிலத்தில் ஒன்றிலிருந்து பத்து வரை சொன்னால் போதும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். இசக்கியா கேட்பாள்? "சார், நம்ம கம்பெனி பஸ்ஸுல ஃபேன் ஓடல, நீங்க வந்து விசிறுதியளா?" என்று அவரையே திட்டி ரெக்கார்டு செய்து, காதில் வைத்துக் கேட்டு ரசித்து, அழித்துவிடுவாள். அந்தக் கம்பெனியிலேயே அதிகம் பேசியவள் அவள்தான்.

நாளாக ஆக அவள் கட்டைவிரலுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. குரல் நின்றதும் அது தானாகப் போய் அமுக்கிவிடும். வீட்டில் டிவியில் பாட்டு முடிந்தால் ரிமோட்டை அமுக்கிச் சேனலை மாற்றிவிடுவாள். ஓனரம்மா திட்டி முடித்தால்கூடத் தாவணி முந்தியில் விரல் ஒருமுறை அமுங்கும். நாங்கள் அதைப் பார்த்துச் சிரிப்போம். உங்கள் பிள்ளை தூக்கத்தில் சிரித்தால் எப்படிச் சிரிப்பீர்களோ அப்படி, ஒரு கெடுதலும் நினைக்காமல் சிரிப்போம்.

எங்களிடமெல்லாம் டார்ச் லைட் வைத்த சின்ன போன்தான். ஊருக்கெல்லாம் போன் செய்து அனுப்பியவர்கள் கையில் இருந்த லட்சணம் அது. இசக்கி மட்டும் பிடிவாதமாக ரெக்கார்டிங் வைத்த போன் ஒன்றை வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமையானால் அதில் எங்களைப் பாட வைப்பாள், ஓனரம்மாவைத் தண்ணீர் மோட்டாருக்காகக் கத்த வைப்பாள், போட்டுக் காட்டுவாள், உடனே விரல் அமுக்கிவிடும். ஒன்றும் மிஞ்சாது. அப்போது எங்களுக்கும் எதுவும் மிஞ்ச வேண்டும் என்று தோன்றவில்லை.

அந்தத் தீபாவளிக்கு இசக்கியும் முத்துச்செல்வியும் பெருங்களத்தூரில் ஒரே பஸ் ஏறி ஊருக்குப் போனார்கள். வழியெல்லாம் ஒரே சீட்டு, ஒரே முறுக்குப் பொட்டலம். காலையில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும்தான் சங்கடம். அவரவர் ஊருக்கு டவுன் பஸ் ஏற வேண்டும். எந்த பஸ் என்று தெரிந்தால் எந்த ஊர் என்று தெரிந்துவிடுமே. "நீ போ ட்டி, எனக்குப் பொறவுதான் வரும்" என்று இவள் சொல்ல, "இல்ல இல்ல, நீ முதல்ல போ" என்று அவள் சொல்ல, பஸ்கள் வந்தன, போயின. காப்பி குடித்தார்கள். பூ வாங்கினார்கள். மறுபடி காப்பி குடித்தார்கள். வெயில் ஏறிவிட்டது. கடைசியில் ஒரு பஸ் கிளம்பி நகர்ந்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஓடிப்போய் முன்படியில் ஒருத்தியும் பின்படியில் ஒருத்தியுமாக ஏறியிருக்கிறார்கள். உள்ளே போய் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். இதை இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள், இரண்டு பேருமே தான்தான் முதலில் ஏறியதாகச் சொன்னார்கள்.

இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர். நடுவில் ஓர் ஓடை மட்டும். இரண்டு ஊருக்கும் ஆகாது. ஏன் ஆகாது என்று இங்கே பிறந்து வளர்ந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இவர்கள் பால்வாடி போகிற வயதில் அந்தப் பக்கமெல்லாம் பெரிய கலவரம் நடந்தது. வீடுகள் எரிந்தன, ஆட்கள் செத்தார்கள், போலீஸ் வந்து மாதக்கணக்கில் கூடாரம் போட்டிருந்தது. என் ஊர்ப்பக்கமும் அந்தக் காலத்தில் இப்படித்தான். ஆறு மணிக்கு மேல் விளக்கைப் போடாதே என்று என்னை அதட்டியது நினைவிருக்கிறது.

லீவு முடிந்து வந்ததும் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இசக்கி தனியாக உலை வைத்தாள். எனக்கு இரண்டு பக்கமும் சாப்பிட வேண்டிய நிலைமை. உடம்பு கொஞ்சம் தேறியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓனரம்மாதான் பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கேஸ் சிலிண்டரைக் காட்டிக் கேட்டார்: "இன்னாம்மா இது, ஒரே வூட்ல ரெண்டு சமையலு? எனுக்கு இன்னா, கேஸு உங்களுது. ஆனா பாக்க நல்லா இல்ல."

அன்று மத்தியானம் இசக்கி தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து முத்துச்செல்விக்கு எதிரே உட்கார்ந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நான் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"அந்தக் கலவரத்தைப் பத்தி உங்க ஊர்ல என்ன சொல்லுவாவ?"

முத்துச்செல்வி சோற்றில் கிடந்த கறிவேப்பிலையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். பிறகு, எங்கள் ஊரை நீங்கள்தான் முதலில் தாக்க வந்தீர்கள் என்று சொல்வார்கள் என்றாள். எங்கள் ஊரில் அதையே திருப்பிச் சொல்வார்கள் என்றாள் இசக்கி. அப்புறம்தான் தன் விஷயத்தைச் சொன்னாள்.

இசக்கியின் அப்பா ஆட்டு வியாபாரி. ஊர் ஊராகப் போய்க் குட்டி பிடித்து விற்பார். அவர்கள் தெருவில் தீ வைத்த அன்று அவர் வீட்டில் இல்லை. அம்மாதான் இவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் ஓடியிருக்கிறாள். நாலைந்து நாள் கழித்து, எல்லாம் அடங்கிய பிறகு, மேலில் ஒரு கீறல் இல்லாமல் அவர் திரும்பி வந்தார். எங்கேடா போனாய் என்று ஊர் கேட்டது. பயந்து ஓடிப்போனேன் என்று அவரே சொன்னார். அன்றிலிருந்து அவருக்கு அதுதான் பெயர். ஓடிப்போனவன். இவள் பள்ளிக்கூடத்தில் ஓடிப்போனவன் மகள். ஓட்டப்பந்தயத்தில் பெயர் கொடுத்தால்கூட, இவள் ஜெயித்துவிடுவாள், ரத்தத்திலேயே இருக்கிறது என்பார்களாம். இவள் பத்தாவது படிக்கும்போது அவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். பெண்டாட்டியையும் பிள்ளையையும் நெருப்பில் விட்டுவிட்டு உண்மையாகவே ஓடினாரா என்று இவளால் அவரிடம் கடைசிவரை கேட்க முடியவில்லை. அம்மாவைக் கேட்டால் எழுந்து போய்விடுவாள்.

"உங்க ஊருக்கு ஆடு பிடிக்க வருவாரு. அங்க யாருக்காவது தெரிஞ்சிருக்கும்லா. கேட்டுச் சொல்லுதியா?" என்றாள். அவ்வளவு வாயாடிக்குக் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. காரம் என்று சொல்லிக்கொண்டேன், நான்தான் சமைத்தேன் என்பதால் எல்லோரும் நம்பினார்கள்.

பொங்கல் லீவுக்கு முத்துச்செல்வி ஊருக்குப் போகும்போது இசக்கி தன் போனை அவளிடம் கொடுத்து அனுப்பினாள். எதை அமுக்கினால் பதியும் என்று ஒரு வாரம் பாடம் நடத்தினாள். இசக்கிக்கு அந்த வருஷம் லீவு கிடைக்கவில்லை. பொங்கலன்று ஓனரம்மா வீட்டுப் பொங்கலைத் தின்றுவிட்டு, டார்ச் லைட் போனை வைத்திருந்த என்னிடம் வந்து அவள் கூப்பிட்டாளா, கூப்பிட்டாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முத்துச்செல்வி கூப்பிடவில்லை. அப்பா வீட்டில் இருக்கிறவரை அவளால் போனை வெளியே எடுக்கவே முடியாதாம்.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, குளித்துச் சாப்பிட்ட பிறகு, அவள் போனை எடுத்துத் தரையில் நடுவில் வைத்தாள். அப்பா சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் அம்மா பேசியது என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொல்வேன், ஊருக்குள் யாருக்கும் போட்டுக் காட்டக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பேசினாளாம். ஓனரம்மா வழக்கம்போலப் பூண்டோடு உட்கார்ந்திருந்தார். போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

முத்துச்செல்வியின் அம்மா குரல் மெல்லியது. பின்னால் கோழிகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. அன்றைக்குக் காலையில் ஆட்டுக்காரர் ஒரு கிடாவைப் பார்க்க எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வந்திருந்தார், பேரம் படியவில்லை, அதற்குள் டவுனில் சண்டை என்று சேதி வந்துவிட்டது என்று ஆரம்பித்தாள். ஆண்கள் எல்லாரும் கம்போடு ஓடைக்கரைக்குப் போய்விட்டார்கள். அவள் வீட்டுக்காரரும் போயிருக்கிறார். பாதையெல்லாம் முள்ளை வெட்டிப் போட்டாயிற்று. ஆட்டுக்காரர் போக வழியில்லை, இருந்தால் உயிரில்லை. அவள் அவரைக் கொல்லையில் இருந்த படப்புக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். சோளத்தட்டையை மாட்டுத் தீனிக்காக மலை மாதிரி அடுக்கி வைத்திருப்பார்களே, அதுதான் படப்பு. பின்னால் சுவர். நடுவில் ஓர் ஆள் குந்தி உட்காரலாம்.

சாப்பாட்டுக்கு என்ன செய்தாள் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். மாட்டுக்குக் கழனித்தண்ணி கொண்டுபோகிற வாளிக்குள் கஞ்சித் தூக்கை வைத்து, மேலே தவிட்டைத் தூவி, மாட்டைத் திட்டிக்கொண்டே கொண்டுபோய் வைத்துவிட்டு வருவாளாம். "மாட்டுக்கு என்னட்டி இம்புட்டு ஏச்சு" என்று மாமியார்கூடக் கேட்டாளாம். கலவரம் கொஞ்சம் அடங்கிய பிறகு, பட்டப்பகலில், பெரிய தட்டைக்கட்டு ஒன்றை அவர் தலையில் ஏற்றி அனுப்பியிருக்கிறாள். தோளுக்கு மேல் ஆள் தெரியாது. கம்போடு உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்கள் நடுவிலேயே நடந்து போனார், என் வீட்டுக்காரர் காலை மடக்கி வழிகூட விட்டார் என்று சொல்லி அந்த இடத்தில் கொஞ்சம் சிரித்தாள்.

கடைசியில் சொன்னது இது. அந்த ஆள் ஒரு நாள்கூடத் தன் உயிரைப் பற்றிப் பேசவில்லையாம். "பிள்ள பேரு இசக்கி, பிள்ள பேரு இசக்கின்னு சொல்லிச் சொல்லி வாயில துண்ட வச்சு அழுவாரு. என்னால வெளிய தெரிஞ்சா நீ செத்தம்மா, நான் ஓடிப்போனேன்னே சொல்லிக்கிடுதேன்னுட்டுப் போனாரு. போதும்ட்டி, அமத்து."

குரல் நின்றது.

இசக்கியின் கையில்தான் போன் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நிறைந்து விழப்போகிற நேரம். கட்டைவிரல் போய் அமுக்கியது, இன்னொரு முறை அமுக்கியது. அவ்வளவுதான்.

"இன்னொரு தபா போடும்மா" என்றார் ஓனரம்மா.

 நாங்கள் எல்லோரும் அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இசக்கியும் அதை யாருடைய விரலையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு போனைத் தரையில் வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அழிந்ததைத் திரும்ப எடுக்க முடியுமா என்று நான் அசட்டுத்தனமாகக் கேட்டேன். முடியாது என்பது எங்களைவிட யாருக்குத் தெரியும்? அந்த போனையே நாங்கள்தானே செய்தோம்.

முத்துச்செல்வி கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து வந்து இசக்கியின் கையை விலக்கிப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, போனை நீ எடு, ரெக்கார்டிங்கைப் போடு, இவள் கையில் மட்டும் கொடுத்துவிடாதே என்றாள். அப்புறம் தன் அம்மா உட்கார்வது மாதிரி ஒரு காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, அம்மா பேசுகிற மாதிரியே முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

அவள் விட்ட இடத்தில் நான் எடுத்துக் கொடுத்தேன். வாளியைப் பித்தளை என்றேன். அவள், இல்லை, எங்கள் வீட்டில் பித்தளை ஏது, தகரம்தான் என்றாள். பேரம் படியாத கிடாவின் நிறத்துக்கு ஒரு சண்டை நடந்தது. மாமியார் கேட்ட கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டோம், ஓனரம்மாதான் ஞாபகம் வைத்திருந்தார். "அந்தாளு படப்பாண்ட குந்திகினு அயுதுகினே கீறாரு, இவுங்க மாட்ட திட்டிகினே கஞ்சி ஊத்துறாங்க, மாமியாக்காரி வந்து கேக்குது" என்று அவர் தன் பாஷையில் சொன்னபோது, அழுதுகொண்டிருந்த இசக்கிக்கே சிரிப்பு வந்துவிட்டது. நடுநடுவே அவள் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எம் பேரு சொன்னாருன்னு சொன்னாவல்லா?"

"சொன்னாவ" என்று முத்துச்செல்வி ஒவ்வொரு முறையும் பதில் சொன்னாள். அந்தப் பதிவில் இந்தக் கேள்வியும் பதிலும் பல இடத்தில் வரும்.

இப்படியாக, ஒரு குரலில் வந்த கதை எங்கள் எல்லோருடைய குரலிலுமாக அந்த போனில் தங்கியது. இசக்கி அதைக் கேட்க வேண்டுமென்றால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், போனை நான் பிடித்துக்கொள்வேன். ஸ்கூல் பிள்ளை மாதிரி ஒழுங்காக உட்காருவாள். வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பாள்.

விஷயம் எப்படியோ எங்கள் லைனில் கசிந்தது. கதை கசியவில்லை, அந்த வீட்டில் இதையெல்லாம் பேசலாம் என்பது மட்டும் கசிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பரமக்குடி பக்கம், சங்கரன்கோவில் பக்கம், திருவைகுண்டம் பக்கம் என்று பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்கு நெல் மூட்டைகளுக்கு நடுவில் என்னை ஒளித்து வைத்தார்கள் என்பாள் ஒருத்தி. எங்கள் அண்ணன் அந்தக் கூட்டத்தில் போனான், இன்னும் கேசுக்கு அலைகிறான் என்பாள் இன்னொருத்தி. அதற்குள் சிலரிடம் நல்ல போன் வந்துவிட்டது. பதிந்துகொண்டு ப்ளூடூத்தில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அனுப்புவார்கள். முத்துச்செல்வி ஒரு சட்டம் வைத்திருந்தாள். ஒருத்தி சொல்லி முடிக்கும்வரை எதிர்ப்பக்கத்துப் பிள்ளை வாயைத் திறக்கக்கூடாது. ஓனரம்மா வைத்த சட்டம், எதுவானாலும் சாப்பிட்ட பிறகு. இரண்டாவது சட்டத்தை மீற ஒருத்திக்கும் மனம் வரவில்லை, நல்லவேளை அன்றைக்கெல்லாம் நான் சமைப்பதில்லை.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனைப் பார்க்க என்று சொல்லி இசக்கி தன் அம்மாவை வரவழைத்தாள். ஒடிசலான பெண்பிள்ளை. எங்கள் மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரே அடுப்பா என்று கேட்டாள். ஆமாம் என்றோம். கோயிலுக்குப் போய்க் கூட்டத்தில் நசுங்கி வந்து, சாப்பிட்டு முடித்த பிறகு, இசக்கி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் போட்டேன்.

அவள் அம்மா ஆடாமல் அசையாமல் கேட்டாள். ஓனரம்மா குரல் வந்த இடத்தில் மட்டும் லேசாகச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முடிந்ததும் இசக்கி, "எம்மா, அப்பா ஓடிப்போகலம்மா" என்றாள்.

"தெரியும்ட்டி."

இசக்கி பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள்.

"வந்த அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாரு. ஒனக்குச் சொன்னா நீ பள்ளிக்கூடத்துல சொல்லிருவ. எவனாவது ஏசுனா பொறுக்காம சொல்லிருவ. இவர ஒளிச்சு வச்ச அந்தப் பிள்ளைய அவ ஊர்க்காரங்களே வெட்டிப் போட்டுருப்பாங்க. நமக்கு ஒரு பேருதான போச்சு. போயிட்டுப் போகுது."

இத்தனை வருஷம் அந்தப் பெயரை அவளும் சுமந்திருக்கிறாள், தண்ணீர்க் குழாயில், ரேஷன் கடையில், புருஷன் சாவில். தெரிந்தே சுமந்திருக்கிறாள். நான் எழுந்து போய் அடுப்படியில் நின்றுகொண்டேன். இந்தத் தடவை காரம் என்று சொல்ல வழியில்லை, சமைத்தது இசக்கி.

திரும்பி வந்தபோது முத்துச்செல்வி இசக்கியின் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளை. அவள் தலையைத் தடவி, உங்கம்மாவுக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும், இதில் பிடித்துக்கொடு என்றாள் இசக்கியின் அம்மா. போனைக் கிணற்றைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்த்துக்கொண்டு பேசினாள். "அக்கா, நல்லா இருக்கியளா. ஓங்க வீட்டுக் கஞ்சிய அவரு சாகுத வரைக்கும் சொல்லுவாரு. பிள்ள வேலைக்குப் போவுது. ஓங்க பிள்ள எம் பிள்ளகூடத்தான் இருக்கா. நான் வந்து பாக்கணும். வரமுடியல."

அடுத்த லீவில் முத்துச்செல்வி அதை எடுத்துப் போனாள். கொல்லையில் வைத்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள். அவள் இரண்டாவது முறையும் போடச் சொன்னாளாம். இரண்டாவது முறை கேட்டதும், "கேட்டாச்சுல்லா, அழிச்சிரு" என்றாளாம். முத்துச்செல்வி அங்கேயே அழித்துவிட்டாள். அப்பா எந்நேரமும் வரலாம்.

அதற்கப்புறம் நடந்தவை உங்களுக்கும் தெரிந்தவைதான். லைன்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஓ.டி. நின்றது, பிறகு ஷிஃப்ட் நின்றது, பிறகு கேட்டே மூடியது. நாங்கள் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு அவரவர் பக்கத்துக்குப் பஸ் ஏறினோம். இசக்கியின் போன் சார்ஜ் ஏறாமல் ஒருநாள் கண்ணை மூடியது. ப்ளூடூத்தில் வாங்கியவர்களும் போனை மாற்றி மாற்றி எங்கோ தொலைத்துவிட்டார்கள். ஒருமுறை ஓரகடம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவள் அந்த ரோட்டில் இறங்கிப் பார்த்தேன். மாடி வீடு இருந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. ஓனரம்மா மகனோடு மறைமலை நகருக்குப் போய்விட்டாராம். அந்தப் பிள்ளைகள் ஒருவர் முன் ஒருவர் உட்கார்ந்து அதையெல்லாம் சத்தமாகச் சொன்ன இடம் அது ஒன்றுதான். ஊரில் போய் இப்போதும் சொல்ல முடியாது. லாரிக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார், ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

போன வருஷம் முத்துச்செல்வியின் அம்மா இறந்துபோனார். எனக்குச் சேதி தாமதமாகத்தான் வந்தது. போனில் அழுதுகொண்டே முத்துச்செல்வி சொன்னாள். சாவு வீட்டுக்கு இசக்கியும் அவள் அம்மாவும் வந்தார்களாம். ஓடையைத் தாண்டி, பகலில், மாலையோடு, தெருவின் நடுவில் நடந்து வந்தார்களாம். அந்தத் தெருவுக்கு அப்படி யாரும் வந்ததில்லை. கொட்டுக்காரர்கள்கூட நிறுத்திவிட்டார்களாம். யாரும்மா நீங்கள், எந்த ஊர் என்று ஓர் இளவட்டம் எழுந்து வந்து மறித்திருக்கிறான். இசக்கியின் அம்மா மாலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாளாம்.

பந்தலுக்குள் இருந்து முத்துச்செல்வியின் அப்பா எழுந்து வந்தார். அந்த இளவட்டத்தைக் கையால் ஓரமாக ஒதுக்கினார். வந்தது யாரென்று முன்பே தெரிந்தவர்போல எதுவும் கேட்கவில்லை. தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், தன் மனைவியின் தலைமாட்டுக்கு அருகில் போட்டு, துண்டால் தட்டிவிட்டு, இசக்கியின் அம்மாவிடம் "உக்காருங்க" என்றாராம்.